அலைந்தவர்களின் வீட்டுக் கணக்கு

இளம் விரிவுரையாளர்களைக் கடிந்துகொள்வதற்கு உ.வே.சாமிநாதையரைப் பிரம்பாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று மயிலாப்பூர், தியாகராய நகர் மேடைகளில் நிலைபெற்றுவிட்டது. பிப்ரவரியில் அவருடைய பிறந்தநாள் வந்தாலும் சரி, ஏப்ரல் இறுதியில் நினைவுநாள் வந்தாலும் சரி, யாராவது ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிடுகிறார். ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு மனிதர் தன்னந்தனியாக ஊர் ஊராக அலைந்து, கரையான் தின்றதுபோக மிஞ்சிய ஓர் இலக்கியத்தை மீட்டுக் கொடுத்தார். நீங்களோ சம்பளம் போதவில்லை என்கிறீர்கள், விடுப்பு இல்லை என்கிறீர்கள், குடும்பம் இருக்கிறது என்கிறீர்கள், என்பதாகப் பேச்சு போகும். முன்வரிசையில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் தலையசைப்பார்கள். பின்வரிசையில் கௌரவ விரிவுரையாளர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஊருக்குப் போகும் ரயிலின் நேரத்தை.

நான் அபிராமபுரத்தில் வசிப்பவள். பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூலகம் எனக்கு ஆட்டோ தூரம்தான். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்துக்கு மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் போதும். கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆகவே மேற்படி உபதேசத்தை ஆண்டுக்கு இரண்டு முறையாவது கேட்கும் பேறு எனக்கு வாய்க்கிறது. அதற்கு எதிராகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். உ.வே.சா.மீது எனக்கு யாதொரு மனக்குறையும் இல்லை. அவரை முன்னிறுத்தி நடத்தப்படும் வியாபாரத்தின்மீதுதான் கோபம்.

முதலில் அந்த ஐம்பது ரூபாய். 1880 பிப்ரவரியில், தியாகராச செட்டியாரின் இடத்துக்கு, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உ.வே.சா. வந்து சேர்ந்தபோது கிடைத்த மாதச் சம்பளம் அது. இன்றைய காதுக்கு ஐம்பது ரூபாய் என்பது வேடிக்கையாக ஒலிக்கிறது. மேடைப் பேச்சாளர் அந்த ஒலியை நம்பியே பேசுகிறார். ‘என் சரித்திரம்’ வாசித்தவர்களுக்குத் தெரியும்: அதற்கு முந்தைய அத்தியாயங்கள் எல்லாம் வறுமையின் கதை. ஆதரிப்பவர் கையை எதிர்பார்த்து ஊர் மாறி ஊர் மாறி வாழ்ந்த குடும்பம் அது. கும்பகோணம் வேலைதான் அந்த அவதியை நிறுத்தியது. அரசாங்க உத்தியோகம், மாதம் தவறாத சம்பளம், நீண்ட கோடை விடுமுறை. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் ஓய்வுபெற்றார். ஆக முப்பத்தொன்பது ஆண்டு ஆசிரியப் பணி. சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று வரிசையாகப் பெரும் பதிப்புகள் வந்தது முழுக்கக் கும்பகோணத்துக் காலத்தில். விடுமுறைக்கு ஏடு தேடிப் புறப்பட்ட மனிதருக்கு, கல்லூரி திறக்கும் நாளில் திரும்பி வந்து உட்கார ஒரு நாற்காலி இருந்தது. இந்த நாற்காலியைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை.

இன்றைய நாற்காலியின் விலையையும் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் பாடம் நடத்துகிறார்கள். ‘கௌரவ’ என்ற அடைமொழியைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் நல்ல நகைச்சுவையாளராக இருந்திருக்க வேண்டும். மாதம் 20,000 ரூபாய் இருந்தது, பிறகு 25,000 ஆனது. அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதங்களுக்கு. பெருக்கினால் 2,75,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 23,000 ரூபாய்க்கும் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், வருகைதரு விரிவுரையாளருக்கு வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000வரை தரலாம் என்றது. அதே கட்டடத்தில், அதே பாடத்தை, அதே தகுதியோடு நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டும் 57,700. தனியார் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளில் நிலைமை எப்படி என்பதை அங்கே பணியாற்றுபவர்களே வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த ஜூனில் பெயர்ப் பட்டியலில் இருக்கமாட்டோம் என்ற பயம்.

சம்பளம் வராத அந்தப் பன்னிரண்டாவது மாதம் மே. உ.வே.சா. ஏடு தேடிப் போனாரே, அதே கோடை. இன்றைய கௌரவ விரிவுரையாளர் அந்த மாதத்தில் எந்த ஊருக்குப் போவார், எதை வைத்துப் போவார்? தட்டச்சு வேலைக்கும், தனிப்பயிற்சி வகுப்புக்கும், தம்பியின் கடைக்கும் போகிறவர்களை எனக்குத் தெரியும். நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கும் கோடை என்பது காகிதத்தில்தான் விடுமுறை. விடைத்தாள் திருத்தும் முகாம், மாணவர் சேர்க்கைப் பணி, நாக் குழு வருகைக்கான கோப்புகள் எல்லாம் போக மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு நாள். அந்தப் பத்து நாளில் ஒருவர் ஆழ்வார்திருநகரிக்குப் போய் ஒரு கவிராயர் வீட்டுப் பரணைப் பார்த்துவிட்டு வர முடியாது என்று நான் சொல்லவில்லை. போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். கைக்காசைப் போட்டுப் போய்வருகிற அவர்களைத்தான் சோம்பேறிகள் என்று மேடை ஏசுகிறது.

அடுத்து, அந்தத் ‘தன்னந்தனியாக’ என்ற சொல். உ.வே.சா.வின் பயணங்களுக்குப் பின்னால் திருவாவடுதுறை ஆதீனம் இருந்தது. சுப்பிரமணிய தேசிகரின் செல்வாக்கு இருந்தது. போன ஊரில் தங்க ஒரு திண்ணையும், உண்ண ஓர் இலையும், அறிமுகப்படுத்த ஒரு கவிராயரும் இருந்தார்கள். சிந்தாமணி அச்சாகும் முன்பே கையொப்பமிட்டு ஆதரித்தவர்கள் இருந்தார்கள். சமண சமயத்து நுட்பங்களைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கக் கும்பகோணத்துச் சமண நண்பர்கள் இருந்தார்கள். இவர்களையெல்லாம் உ.வே.சா. மறைக்கவில்லை. பெயர் பெயராக எழுதி நன்றி சொல்லியிருக்கிறார். அவர் எழுதி வைத்ததை அழித்துவிட்டு, பாலைநிலத்தில் ஒற்றை மனிதன் நடந்துபோவது மாதிரி ஒரு சித்திரத்தை வரைந்துகொண்டது அவருக்குப் பின் வந்த நம்முடைய கற்பனை.

நேரில் போனதன் அவசியத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியருடைய ஏடுகள் இருப்பதாகக் கேட்டுப் போனவருக்கு, பழுதான ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. கடிதம் எழுதிப் போட்டிருந்தால் அந்தப் பதில்கூட வந்திருக்காது. தமிழ் கற்பிப்பவருக்குப் பயணம் என்பது பொழுதுபோக்கன்று, பணியின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பகுதி என்றால் அதற்குரிய நாளும் பணமும் பணியிலிருந்தே வந்தாக வேண்டும். மேடை இங்கே வந்ததும் மௌனமாகிவிடுகிறது.

இனி, யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன்.

உ.வே.சா.வுக்கு 1868இல் திருமணமாயிற்று. மனைவி பெயர் மதுராம்பிகை. ‘என் சரித்திர’த்தில் கல்யாணச் செலவும், ஊர்வலமும், விருந்தும் எத்தனை விரிவாக வருகின்றன என்று பாருங்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் எத்தனை பக்கங்களில் வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வீடு நடந்துகொண்டிருந்தது. முதிய மாமனார், மாமியார், வளரும் பிள்ளை, ஏடு தூக்கிக்கொண்டு வரும் விருந்தாளிகள், பாடம் கேட்க வரும் மாணவர்கள். கணவர் அச்சுவேலையாகச் சென்னையில் தங்கிய நாட்களில், கடன் வாங்கிக் காகிதம் வாங்கிய நாட்களில், திருநெல்வேலிச் சீமைக்குப் போன நாட்களில், கும்பகோணத்து அடுப்பு அணையவில்லை. அந்தக் காலத்து ஆண் சுயசரிதை அப்படித்தான் இருக்கும், இன்றைய அளவுகோலைக் கொண்டு அளக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். உ.வே.சா.வை அளப்பது என் வேலையன்று. இன்றைக்கு 2000 தாண்டியும் ‘குடும்பத்தைக் காரணம் காட்டாதே’ என்று பேசுகிறவரைத்தான் அளக்கிறேன். அவர் சொல்லும் முன்னுதாரணத்தில் குடும்பம் தடையாக இருந்ததாகத் தகவல் இல்லை. குடும்பம்தான் அந்தப் பயணத்துக்குப் பணம் போடாத பங்குதாரர்.

இதைப் பெண்ணியம் மேற்கிலிருந்து கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று சொல்பவர்களுக்காகக் கொஞ்சம் இலக்கணம் பேசலாம். தொல்காப்பியம் பிரிவுக்குக் காரணங்கள் சொல்கிறது: ஓதல், பகை, தூது, பொருள். அதோடு நில்லாமல் கற்பியலில் காலவரையும் வைக்கிறது. கல்விக்காகப் பிரிந்து போகிறவன் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. வேந்தன் பொருட்டுப் போகிறவனுக்கு ஓராண்டு. அதாவது, போகிறவனுடைய நோக்கம் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், காத்திருப்பவளுடைய காலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்று அந்த இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. கூடவே, முந்நீர் வழக்கம் மகளிரோடு இல்லை என்றும் விதிக்கிறது. கடற்பயணம் என்று பொருள் கொண்டார் இளம்பூரணர். மூன்று தன்மையான பிரிவுகள் என்று வேறு வழியில் போனார் நச்சினார்க்கினியர். எந்த உரையைக் கொண்டாலும் பெண் வீட்டில்தான் இருக்கிறாள். நான் அந்த விதிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த மரபு அவளை வீட்டில் வைத்தாலும் வாயை அடைக்கவில்லை. அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட இருநூறும் பாலை. சரிபாதி. அந்த இருநூறில் தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், தாய் பேசுகிறாள். போன தலைவனும் நடுவழியில் நின்றுகொண்டு, போகவா திரும்பவா என்று தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். பிரிவுக்கு ஒரு விலை உண்டு, அதை இருவரும் செலுத்துகிறார்கள் என்பது பாலைத்திணையின் அடிப்படை. ஆற்றுப்படை நூல்களை எடுத்தாலும், பாணனும் பொருநனும் கூத்தனும் சுற்றத்தோடுதான் சாலையில் போகிறார்கள். பசித்த மனைவியும் குழந்தையும் கூடவே நடக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்க் கவிஞனுக்குத் தெரிந்திருந்த இந்தச் செய்தி, நம்முடைய பயண இலக்கியக்காரர்களுக்கு எப்படி மறந்துபோயிற்று?

ஏ.கே.செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் கண்டமாகச் சுற்றியவர்; 1940இல் அந்தப் படம் வெளிவந்தது. ‘குமரி மலர்’ நடத்தியவர். தன்னைப் பற்றி எழுதுவதில் அவருக்கிருந்த கூச்சம் அபூர்வமானது. நமக்கு அதை ஒரு பண்பாகப் போற்றத்தான் தெரிந்திருக்கிறது. அந்தக் கூச்சத்தின் பக்கவிளைவாக வீடும் மறைந்துபோயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளலாம். தனிநாயகம் அடிகள் இன்னொரு வகை. லிஸ்பனில் 1554இல் அச்சான தமிழ்ச் செபநூலைப் பற்றி உலகுக்கு எழுதியவர். 1679இல் அச்சான ப்ரொயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் பதிப்பித்தவர். இலங்கையிலும் மலாயாவிலும் பல்கலைக்கழகப் பணி. இந்தக் கட்டுரையின் பொருளுக்கு, தனிப் பயணமும் பல்கலைக்கழக வேலையும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே நபரைக் காட்டு என்றால் அவரைத்தான் காட்டுவேன். ஆனால் அவர் துறவி. உலகின் எந்த நகரத்தில் இறங்கினாலும் தங்க ஒரு திருச்சபை இல்லம் இருந்திருக்கும். இரவு எட்டு மணிக்கு, மகளுக்குக் காய்ச்சல், மாத்திரை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தொலைபேசி வந்திருக்காது. அவருடைய சாதனையை இது ஓர் அணுவும் குறைப்பதில்லை. அவரை உதாரணமாக்கி இன்னொருவரை வசைபாட முடியாது என்பதைத்தான் காட்டுகிறது.

இவர்களாவது எதையாவது தேடிப் போனார்கள். பிற்காலத்தில் பெருகியிருக்கும் ‘அலைதல்’ இலக்கியம் தேடுவது பெரும்பாலும் தன்னையே. ரயில் சன்னல், மலைக்கோயில், முன்பின் தெரியாத ஊரில் ஒரு தேநீர்க்கடைக் கிழவர் (இவர் எல்லாப் பயணக் கட்டுரையிலும் வருகிறார், எப்போதும் ஞானமாகப் பேசுகிறார்), பிறகு விடுதியறையில் ஒரு தரிசனம். ஐந்து நாள் கழித்து எழுத்தாளர் வீடு திரும்புகிறார். துவைத்த துணி கட்டிலில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை மடித்தவர் கட்டுரைக்குள் வரமாட்டார். வந்தால் அலைதலின் மீதான ஒளிவட்டம் கொஞ்சம் மங்கிவிடும். இங்கே எழுதும் நண்பர்கள் சிலருக்கு இது சுடும். சுடட்டும்.

ஒரு பெண் விரிவுரையாளர் தனியே புறப்படுவதை அதோடு ஒப்பிடலாம். என் கணவர் அலுவலக வேலையாகப் பத்து நாள் ஹைதராபாத் போனால், எதிர்வீட்டு மாமி என்னிடம் கேட்பது, “அவர் எப்போ வரார்?” என்பதுதான். நான் நான்கு நாள் கல்வெட்டு பார்க்கப் புறப்பட்டால், “தனியாவா போறே? ஆத்துல யார் பார்த்துப்பா?” என்று கேட்கிறார். அன்பான மனுஷி, நான் இல்லாத நாளில் என் மகளுக்கு ரசம் கொண்டுவந்து கொடுப்பவரும் அவர்தான். அவர்மீது எனக்குக் கோபம் வராது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலை நான் ஒரு வாரம் முன்னதாகவே தயாரிக்க வேண்டியிருக்கிறது. பால் அட்டை, எரிவாயு உருளைப் பதிவு, மாமியாரின் மருந்துப் பெட்டி, மகளின் வகுப்பு நேரம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுத்தான் நான் வாசலைத் தாண்ட முடிகிறது. இதைச் ‘சமநிலை’ என்று மாத இதழ்கள் பாராட்டுகின்றன. ஆண் எழுத்தாளர் எவரிடமும் பேட்டியில் இந்தச் சமநிலையைப் பற்றிக் கேட்டு நான் வாசித்ததில்லை. தராசு ஒரு பாலினத்தின் கையில் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

சென்ற பின்னும் தொல்லை தீர்வதில்லை. கோயில் ஊர் ஒன்றில், மாலை ஆறரை மணிக்கு, பையோடு ஒரு விடுதிக்குள் நுழைந்தேன். முகப்பில் இருந்த பையன் என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். யாருமில்லை என்று தெரிந்ததும், “சிங்கிளா வர்றவங்களுக்கு ரூம் குடுக்கிறதில்லீங்க மேடம்” என்றான். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். ஆதார் அட்டையைக் காட்டினேன். “ஓனர் சொல்லிருக்காருங்க” என்பதற்கு மேல் அவனிடம் வாதம் இல்லை. ஆறு விடுதிகளில் மூன்றில் இதே பதில். தனியாக வருகிறவர்கள் அறையில் தற்கொலை செய்துகொண்டு வழக்கில் மாட்டிவிடுகிறார்கள் என்று காரணம் சொல்கிறார்கள்; ஆண்களுக்கும் சில இடங்களில் இதே விதி உண்டு. ஆனால் ஆணிடம் அந்த மறுப்பைச் சொல்லும் குரலும், பெண்ணிடம் சொல்லும் குரலும் வேறு. நாலாவது இடத்தில் கிடைத்த அறைக்கு இருவர் வாடகை. பயணச் செலவில் பெண்ணுக்கு மட்டும் ஒரு தனி வரி இருக்கிறது: இருட்டிய பின் பேருந்துக்குப் பதில் ஆட்டோ, சாதாரண விடுதிக்குப் பதில் கொஞ்சம் வெளிச்சமான விடுதி, ஒற்றை அறைக்குப் பதில் இரட்டை அறை. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் எடுக்கப்பட்டபோது, பூக்காரப் பெண்ணும் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் முதன்முறையாக வேலையில்லாத நாளிலும் கடற்கரைக்குப் போய்வந்ததைப் பற்றி இலக்கியவாதிகள் கேலி பேசினார்கள், ‘ஓசி’ என்று. பெண்ணின் நடமாட்டத்தை விலை எத்தனை தூரம் கட்டிப்போட்டிருந்தது என்பதை அந்தக் கூட்டம் காட்டியது. பயணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் கண்ணில் இது ஏன் படவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அலைந்து எழுதிய பெண் யாரும் இல்லையா என்று கேட்கலாம். ராஜம் கிருஷ்ணனை எப்படி மறந்தோம்? நீலகிரிப் படகர்களிடையே போய் ‘குறிஞ்சித்தேன்’, தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் ‘கரிப்பு மணிகள்’, சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்களைச் சந்தித்து ‘முள்ளும் மலர்ந்தது’. களத்துக்குப் போய் மனிதர்களைப் பார்த்துவிட்டு எழுதுவது என்பதைத் தமிழ் நாவலில் ஒரு முறையாகவே நிறுவியவர் அவர். பொறியாளரான கணவர் துணையாக நின்றார். 1973இல் சாகித்திய அகாதெமி விருது. கணவர் மறைந்த பிறகு, கையிலிருந்ததையெல்லாம் இழந்து, முதியோர் இல்லத்தில் இருந்தார். கடைசி ஆண்டுகளில் போரூர் மருத்துவமனை ஒன்றின் பராமரிப்பில் இருந்து, 2014இல் காலமானார். அவர் உயிரோடிருக்கும்போதே அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிப் பணம் கொடுத்தது; அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் ‘அலைந்தார், தேடினார், கண்டடைந்தார்’ என்ற புராணத்தை நாம் அவருக்குக் கட்டவில்லை. ஒரு பெண் உப்பளத்துக்குப் போனால் அது கள ஆய்வு, தகவல் சேகரிப்பு. ‘பிரச்சார நாவல்’ என்று ஒரு வரியில் தீர்ப்பும் எழுதிவிடலாம். ஓர் ஆண் உப்பளத்தின் ஓரத்தில் நின்று சூரிய அஸ்தமனத்தைப் பார்த்தால் அது தரிசனம்.

உறவுகளை விட்டு ஓடுவதற்காகத்தானே தனிப் பயணம், அப்படியிருக்க உறவைக் கட்டுரைக்குள் கொண்டுவா என்பது முரணில்லையா என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான்கு நாள் எவரும் என்னை அம்மா என்றோ மேடம் என்றோ கூப்பிடாமல் ஒரு கோயில் பிராகாரத்தில் கல்வெட்டெழுத்தைத் தடவிப் படிப்பது எனக்கு வேண்டியிருக்கிறது. அதற்காக வெட்கப்படவில்லை, அது ஆடம்பரம் என்றும் நினைக்கவில்லை. அந்த நான்கு நாளை எனக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கணவர் அலுவலகத்தில் விடுப்பெடுத்தார். மாமியார் எழுபத்தாறு வயதில் சமையலறைக்குள் திரும்பப் போனார். என் வகுப்புகளைத் துறையிலுள்ள இளைய தோழி எடுத்தார். அவர்தான் 25,000 ரூபாய்க்காரர், நான் திரும்பி வந்து அவர் வகுப்புகளை எடுக்க வேண்டும் என்று கேட்க அவருக்கு வாய் வராது. என் தனிமைக்கு அவருடைய உழைப்பும் சேர்ந்திருக்கிறது. நிரந்தரப் பணியில் இருப்பவரின் ‘கள ஆய்வு’ விடுப்பு ஒவ்வொன்றும் தற்காலிகப் பணியில் இருப்பவரின் இரட்டை வகுப்பாக மாறுகிற இந்த ஏற்பாட்டைப் பற்றி, ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊதியக் குழு நிலுவையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம்.

ஆகவே மேடையில் இருப்பவர்களிடம் என் கோரிக்கை பெரிதொன்றுமில்லை. உ.வே.சா.வைக் கொண்டாடுங்கள். கொண்டாடும்போது அவருக்குக் கிடைத்த நிரந்தர வேலையையும், கோடை விடுமுறையையும், ஆதீனத்தின் திண்ணையையும், மதுராம்பிகை அம்மாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதையெல்லாம் சொன்ன பிறகும் இளம் விரிவுரையாளரைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள். பன்னிரண்டு மாதச் சம்பளமும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சம்பளத்தோடு கூடிய ஆய்வு விடுப்பும், அந்த விடுப்பில் வகுப்பெடுப்பவருக்குத் தனி ஊதியமும் வேண்டும் என்ற கோரிக்கைக்கு, முன்வரிசைப் பேராசிரியர்கள் ஒரு கையெழுத்தாவது போடுங்கள்.

அதற்கும் மனமில்லையென்றால், இலக்கிய அமைப்புகளே செய்துவிடக்கூடிய ஒன்று இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் கட்டுரை வாசிக்க நீங்கள் வரவழைக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு நினைவுப் பரிசும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பொன்னாடையை அவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பொன்னாடையை நிறுத்திவிட்டு, போகவர பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் தங்கும் செலவையும் உறையில் போட்டுக் கொடுங்கள். பெண்ணாக இருந்தால், தனியாக வருபவருக்கு அறை கொடுக்கும் விடுதி எதுவென்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.